தைத்து மூடிய பரங்கிப்பூ

நத்தைக்குட்டையின் நான்கு கரைகளிலும் பரங்கிக்கொடிகள் படர்ந்திருந்தன. அந்தக் காட்டில் வற்றாத குட்டை அது ஒன்றுதான். குட்டையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கொடிகள்தான் சாப்பாடு.

முள்ளம்பன்றி பழத்தின் சதையைத் தின்னும். வெள்ளெலிகள் விதையைக் கொறிக்கும். வண்டுகளும் தேனீக்களும் குளவிகளும் பூவில் குடிக்கும். முசுறுகள், அதாவது மரத்து இலைகளை இழுத்து நூலால் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்புகள், கொடிக்கு வரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

கோடை வந்தால் கொடி காய்ந்து செத்துப்போகும். மிஞ்சுவது விதை மட்டும்தான். வெள்ளெலிகள் தின்றது போக மண்ணில் கிடக்கும் விதை, மழை விழுந்ததும் முளைக்கும். முளைத்தால் அடுத்த ஆண்டு எல்லாருக்கும் வயிறு நிறையும். முளைக்காவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறு காடு பார்க்க வேண்டியதுதான்.

அந்த முள்ளம்பன்றியின் பெயர் ஈட்டிராயர். பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான். போன ஆண்டு வடகரைக் கொடியில் பழுத்த ஒரு பரங்கிப்பழத்தை அவர் தின்றார். அப்படி ஒரு இனிப்பு! அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இந்த ஆண்டு கொடிகள் மொட்டு விட்டதும் ராயர் எல்லாரையும் கூட்டினார்.

"கேளுங்க! வடகரைக் கொடிதான் உசந்த கொடி! இனிமே இந்தக் குட்டையில காய்க்கிற ஒவ்வொரு பழமும் வடகரை வம்சமா இருக்கணும்!"

பக்கத்தில் இருந்த ஓணான் தலையாட்டியது. ராயருக்கு யோசனை சொல்வது அதன் வேலை. தலையாட்டுவது அதன் பிழைப்பு.

"அதுக்கு என்ன வழி, ராயரே?" என்று கேட்டது வெள்ளெலி.

ஓணான் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "பரங்கியில ஆண்பூ வேற, பெண்பூ வேற. ஆண்பூவோட மகரந்தத் தூள் பெண்பூவுல விழுந்தாத்தான் காய். இப்போ என்ன நடக்குது? விடிஞ்சா போதும், வண்டும் தேனீயும் கண்ட கரைத் தூளையும் கொண்டுவந்து ஒரே பூவுல கொட்டுதுங்க. உள்ளே ஒரே தள்ளுமுள்ளு! ஒரு பொண்ணுக்கு ஊரே மாப்பிள்ளைன்னு வந்து நின்னா, அது மரியாதையா?"

"மரியாதையே இல்லை!" என்றார் ராயர். "இனிமே ஒரு பூவுக்கு ஒரே சிட்டிகைத் தூள். அதுவும் வடகரை ஆண்பூவுலேர்ந்து மட்டும். குளவிகள் கொண்டுபோய் வைக்கும். வெச்ச கையோட முசுறுகள் பூவோட வாயைத் தெச்சு மூடிடணும். முகூர்த்தம் முடிஞ்சா பந்தலைப் பிரிச்சுட வேண்டியதுதானே!"

முசுறுகள் சரி என்றன. தைக்கச் சொன்னால் அவை தைக்கும். எதற்கு என்று கேட்கும் வழக்கம் அவற்றுக்கு இல்லை.

"பூவைக் கேட்டீங்களா?" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பட்டமரக் கிளையில் வீராத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு கருவண்டு. காய்ந்த மரத்தைப் பல்லால் துளைத்து, உள்ளே அறை அறையாகப் பிரித்து, அறைக்கொரு பிள்ளையை வளர்க்கும் இனம்.

"என்ன கேட்டே?" என்றார் ராயர்.

"யார் வேணும், எத்தனை பேர் வேணும்னு பூவைக் கேட்டீங்களான்னு கேட்டேன்."

"பூவுக்கு என்ன தெரியும்?"

"பூவுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ? பூத்தது நீங்களா?"

வெள்ளெலிக் கூட்டம் சிரித்துவிட்டது. ராயரின் முட்கள் சடசடவென்று விரிந்தன.

"வாயை மூடு!"

"இப்பத்தான் பூவோட வாயைத் தைக்கச் சொன்னீங்க. அதுக்குள்ளே என் வாய்க்கு வந்துட்டீங்களா?"

பூவுக்கு என்ன தெரியும் என்பதை நான் சொல்கிறேன். ராயரிடம் சொல்லிப் பயனில்லை, நீங்களாவது கேளுங்கள். பெண்பூவின் நடுவில் பிசுபிசுப்பான ஒரு கொண்டை இருக்கும். அதற்குக் கீழே ஒரு கழுத்து. கழுத்துக்குக் கீழே சின்னப் பிஞ்சு. விதையாகப்போகும் முத்துக்கள் அந்தப் பிஞ்சுக்குள் வரிசையாகக் காத்திருக்கும். கொண்டையில் விழுந்த மகரந்தத் துகள் சும்மா கிடக்காது. ஒவ்வொன்றும் மெல்லிய இழை ஒன்றை நீட்டிக் கழுத்துக்குள் இறங்கும். அங்கே நடப்பது ஒரு பெரிய ஓட்டப்பந்தயம். முந்திப் போய் முத்தைத் தொட்ட இழை அதை விதையாக்கும். பிந்தியது வழியிலேயே நின்றுவிடும்.

பல கரைத் தூள் வந்து விழுந்தால் பந்தயம் சூடுபிடிக்கும். வேகமும் வலுவும் உள்ளது ஜெயிக்கும், விதையும் கெட்டியாக விளையும். ஒரே ஒரு சிட்டிகை விழுந்தால்? போட்டிக்கு ஆளில்லாத ஓட்டத்தில் நத்தையும் முதல் பரிசு வாங்கும். பல முத்துக்களைத் தொட யாருமே வரமாட்டார்கள். விதை பிடிக்காத பிஞ்சுக்குக் கொடி சோறு போடாது. மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். தள்ளுமுள்ளு என்று ஓணான் மூக்கைச் சுளித்தது இந்தப் பந்தயத்தைத்தான்.

வீராத்தாளுக்கு இதெல்லாம் தெரியுமா என்றால், தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பூ வாயைத் திறந்து வைத்திருந்தால் வரச்சொல்கிறது என்று அர்த்தம். வரச்சொன்ன வீட்டு வாசலை மூன்றாம் ஆள் வந்து அடைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் விடிந்தது. கொடியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூ விரிந்தது. குளவிகள் வடகரைத் தூளை ஒவ்வொரு சிட்டிகையாகக் கொண்டுபோய் வைத்தன. பின்னாலேயே முசுறுகள் வந்தன. சில முசுறுகள் இதழ்களின் ஓரத்தைக் கடித்து இழுத்துச் சேர்த்துப் பிடித்தன. சில முசுறுகள் தங்கள் புழுக்குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு, அவை விடும் நூலால் தைத்தன. கொஞ்ச நேரத்தில் பெண்பூவெல்லாம் பொட்டலமாகிவிட்டது.

வீராத்தாள் உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு மேற்குக்கரைக்கு வந்தாள். காவலுக்கு நின்ற குளவி மறித்தது.

"நில்லு! எந்தக் கரைத் தூள் அது?"

"நாலு கரையும் இருக்கு."

"அப்போ திரும்பிப் போ!"

"திரும்பிப் போறதுக்கா இவ்வளவு தூரம் சுமந்துக்கிட்டு வந்தேன்?"

குளவிகள் கூட்டமாக வந்து கொட்டித் துரத்தின. வீராத்தாள் தென்கரைக்குப் பறந்தாள். அங்கே தையல் வேலை முடிந்து காவல் வேறு பக்கம் போயிருந்தது. அவள் ஒரு பூவின் மேல் உட்கார்ந்து தையலைக் கடித்தாள். மரத்தையே துளைக்கும் பல்லுக்கு நூல் எம்மாத்திரம்! இதழ்கள் படாரென்று விரிந்தன. உள்ளே புகுந்து புரண்டாள். சுமந்து வந்த தூளெல்லாம் பூவின் கொண்டையில் ஒட்டியது.

தூரத்தில் தயங்கி நின்ற தேனீக்கள் இதைப் பார்த்தன.

"போகலாமா?" என்றது ஒரு தேனீ.

"பூ திறந்திருக்கே!" என்றது இன்னொன்று.

அவ்வளவுதான், கூட்டம் உள்ளே பாய்ந்தது. வீராத்தாள் அடுத்த பூவின் தையலைப் பிரித்தாள். அதற்கடுத்ததையும் பிரித்தாள்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இந்த ஓணான் சாட்சியாக மட்டும் இருக்கவில்லை, ஓடிப்போய்க் கோள் சொல்லியது. ராயர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கூடவே குளவிகளும் வந்தன.

"அடியே! இந்த நிமிஷமே பூவை விட்டு எறங்கு! இல்லேன்னா உன் வளையை மண்ணால அடைச்சுடச் சொல்வேன்! உள்ளே இருக்கிற உன் பொண்ணுங்க உள்ளேயே கெடக்க வேண்டியதுதான்!"

வீராத்தாளின் இறக்கைச் சத்தம் நின்றுவிட்டது. பட்டமரக் கிளைக்குள், ஒவ்வொரு அறையிலும் ஒரு மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். இன்னும் இறக்கை முற்றாத பிள்ளைகள். அவள் பயந்தாள். பிள்ளையை வைத்து மிரட்டினால் பயப்படாத தாய் எந்தக் காட்டிலும் இல்லை. கதை சொல்லும் எனக்கே இந்த இடத்தில் அந்த முள்ளம்பன்றியின் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

"பேசாம மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடும்மா," என்று ஓணான் தணிந்த குரலில் சொன்னது. "உனக்கெதுக்கு இந்த வம்பு?"

வீராத்தாள் ராயரை நேராகப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் குனிஞ்சா என் பொண்ணுங்க வெளியே வருவாங்க. சரி. வந்து அடுத்த வருஷம் எந்தப் பூவுல குடிப்பாங்க? நீங்க தெச்சு வெச்ச பூவுலயா? காய் இல்லாத கொடியிலயா?"

"அதைப் பத்தி உனக்கென்ன?"

"எனக்கு இல்லாம வேற யாருக்கு? அடைக்கிறதா இருந்தா அடைச்சுக்கோங்க! இந்தக் கரையை முடிக்காம நான் எறங்க மாட்டேன்!"

குளவிகள் சொன்னதைச் செய்தன. குட்டைச் சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டுபோய் அவளுடைய வளையின் வாயை அப்பி மூடின.

பரங்கிப்பூவின் வாழ்வு உச்சிவெயில் வரைக்கும்தான். அதுவரை வீராத்தாள் தென்கரையில் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பூக்கள் தாமாகக் கூம்பியதும் பட்டமரத்துக்குப் பறந்தாள். வெயிலில் மண் கல்லாக இறுகியிருந்தது. கடித்தாள். பல்லின் நுனி உடைந்தது. மறுபடி கடித்தாள். வாயெல்லாம் புழுதிதான்.

"எப்படி இருக்கு எங்க வேலை?" என்று குளவிகள் சிரித்தன.

வீராத்தாள் கிளையின் மறுபக்கம் போனாள். உடைந்த பல்லோடு மரத்தைத் துளைக்க ஆரம்பித்தாள். கதவை அடைத்தவர்கள் சுவர் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் புது வாசல் திறந்தது. அவள் உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் அசைந்தார்கள். கடைசி அறையில் இருந்தவள் மட்டும் அசையவில்லை.

வீராத்தாள் அந்த அறையின் முன்னால் வெகுநேரம் இருந்தாள். விடிந்ததும் மறுபடி தென்கரைக்குப் போனாள்.

அந்தப் பருவம் முழுக்க அதுதான் கதை. முசுறுகள் தைக்கும், வீராத்தாள் பிரிப்பாள். குளவிகள் கொட்டும், அவள் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வருவாள். எல்லாப் பூவையும் அவளால் திறக்க முடியவில்லை. முடிந்ததைத் திறந்தாள். புது வாசல் வந்த வளையை அடைத்துப் பயனில்லை என்று குளவிகளும் அலுத்துப்போய் விட்டுவிட்டன.

பிஞ்சு பிடிக்கும் காலம் வந்தது. வடகரையில் பிஞ்சுகள் மஞ்சளாகிப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கிழக்கிலும் மேற்கிலும் அதே கதைதான். தப்பிப் பிழைத்த காய்கள் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சூம்பி, கோணல்மாணலாகக் கிடந்தன. தென்கரையில் மட்டும் திறந்த பூவெல்லாம் உருண்டு திரண்ட காயாகி நின்றது.

"திருஷ்டி!" என்றார் ராயர். "அந்த வண்டு கண்ணு வெச்சிட்டா!"

ஓணான் தலையாட்டியது.

பழம் முற்றியதும் ராயர் மறுபடி கூட்டம் போட்டார். வடகரைப் பழங்களில் பெரிதான ஒரு கோணல் பழத்தை உருட்டிக்கொண்டு வந்து குட்டையின் ஓரத்தில் நிறுத்தினார்.

"உருவத்தைப் பார்க்காதீங்க! உள்ளே இருக்கிற வம்சத்தைப் பாருங்க!" என்று சொல்லிப் பழத்தைக் கடித்துப் பிளந்தார்.

வெள்ளெலி ஓடிவந்து ஒரு விதையைக் கடித்துப் பார்த்தது. உள்ளே பருப்பே இல்லை.

"பொக்கு!"

இன்னொன்றைக் கடித்தது. "இதுவும் பொக்கு!"

அதன் மனைவியும் பிள்ளைகளும் ஆளுக்கொன்றைக் கடித்தார்கள். "பொக்கு! பொக்கு! பொக்கு!" என்று குட்டைக்கரையே எதிரொலித்தது. நல்ல விதை என்று ஒரு கைப்பிடி தேறினால் அதிகம்.

"தென்கரைப் பழத்தையும் ஒடைங்க," என்றாள் வீராத்தாள்.

வெள்ளெலிகள் ஒரு தென்கரைப் பழத்தை உருட்டிவந்து பிளந்தன. உள்ளே இடமே இல்லாமல் விதை நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. கடித்தால் பல்லுக்குப் பருப்பு கெட்டியாக அகப்பட்டது. அடுத்த பழத்தைப் பிளந்தார்கள், அதுவும் அப்படியே. விதை குவியலாகக் குவிந்தது.

முசுறுகளின் தலைவி பொக்கு விதைகளையும் அந்தக் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடப்பாவமே! நாங்க தெச்சதெல்லாம் இதுக்குத்தானா?"

ராயருக்கு முகம் கறுத்தது. தப்பு என்று ஒப்புக்கொள்வதற்குப் பதிலாகக் கத்துவதுதான் அவருக்குச் சுலபம்.

"அத்தனையும் அப்பன் பேர் தெரியாத விதை! ஒண்ணுகூட மண்ணுல விழக் கூடாது! எல்லாத்தையும் குட்டையில தள்ளுங்க! அழுகிப் போகட்டும்!"

அந்தக் குவியல் போய்விட்டால் அடுத்த ஆண்டு கொடியே கிடையாது. கொடி இல்லையென்றால் யாருக்கும் எதுவும் கிடையாது.

வீராத்தாள் பறந்துவந்து விதைக்குவியலின் உச்சியில் உட்கார்ந்தாள்.

"ராயரே, போன வருஷம் வடகரையில ஒரு பழம் தின்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அந்த ருசி மறக்குமா? அதுதான் வம்சம்!"

"அந்தப் பழத்தோட பூவுக்குத் தூள் சுமந்தது யாரு? நான்! எந்தக் கரைத் தூள்? நாலு கரைத் தூளும்! நீங்க கும்பிடுற வம்சமே தள்ளுமுள்ளுல வந்ததுதான்!"

ஓணான் பழக்கதோஷத்தில் அதற்கும் தலையாட்டிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"முசுறுகளே! தள்ளுங்க விதையை!" என்று அலறினார் ராயர்.

"தைக்கச் சொன்னீங்க, தெச்சோம்," என்றாள் முசுறுத் தலைவி. "அது எங்க புத்திகெட்ட வேலை. இது எங்களால ஆகாது!"

"குளவிகளே!"

குளவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவற்றுக்கும் பூ வேண்டும் அல்லவா? வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு பறந்துவிட்டன.

"அப்போ நானே தள்றேன்!"

வெள்ளெலிகள் குடும்பம் குடும்பமாக விதையின் மேல் ஏறி உட்கார்ந்தன. தேனீக்கள் அவற்றின் மேல் வந்து உட்கார்ந்தன. முசுறுகள் சுற்றிலும் வரிசை கட்டின.

"எங்களைத் தாண்டித்தான் போகணும்!" என்றது வெள்ளெலி. இடத்தை விட்டு அசையவில்லை.

முள்ளம்பன்றி சண்டைக்கு வந்தால் முன்னால் வராது. திரும்பி நின்று முட்களை விரித்துக்கொண்டு பின்பக்கமாகப் பாயும். ராயரும் திரும்பினார். திரும்பியதும் அவர் மூக்குக்கு நேரே வீராத்தாள் வந்து நின்று ரீங்காரமிட்டாள். உடம்பெல்லாம் ஈட்டி இருந்து என்ன பயன், மூக்கில் ஒன்றுகூட இல்லையே!

"இங்கே இருக்கேன், ராயரே! குத்துங்க பார்ப்போம்!"

ராயர் அந்தப் பக்கம் திரும்பிப் பாய்ந்தார். அவள் இந்தப் பக்கம் வந்து மூக்கில் உரசினாள். இந்தப் பக்கம் திரும்பிப் பாய்ந்தார். கோபம் தலைக்கேறியவருக்குக் குட்டை எங்கே, குவியல் எங்கே என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சாகப் பின்னால் பாய்ந்தார். தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. விதையைத் தள்ள வந்தவர் தண்ணீரில் கிடந்தார்.

"எடுங்க! ஓடுங்க!" என்று கத்தினாள் வீராத்தாள்.

அவர் சேற்றைத் துப்பிக் கரையேறுவதற்குள் வெள்ளெலிகள் விதைகளை வாயில் கவ்விக்கொண்டு நாலு பக்கமும் ஓடிவிட்டன. கரையெங்கும் மண்ணைப் பறித்துப் புதைத்தன. ராயர் எந்த எலியைத் துரத்துவது என்று தெரியாமல் நனைந்த முட்களோடு நின்றார்.

கோடை போய் மழை வந்தது. வடகரைப் பழத்தில் தேறிய அந்தக் கைப்பிடி விதையை ராயர் தன் வளைக்கு முன்னால் ஊன்றிக் காவல் காத்தார். முளை வந்தது, ஆனால் நூல்போல வந்தது. மழைக்கு நடுவில் கொஞ்சம் வெயில் அடித்ததும் ஒவ்வொன்றாகத் துவண்டு சாய்ந்தது. வெள்ளெலிகள் புதைத்த விதைகளோ அதே வெயிலைத் தாங்கிக்கொண்டு, நாலு கரையிலும் ஏறிப் படர்ந்தன. விடியும்போது பூக்கள் வாயைத் திறந்தன. அவற்றைத் தைக்க யாரும் வரவில்லை. வீராத்தாளின் மகள்கள் முதல் பூவில் புகுந்து மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பழம் பழுத்த காலத்தில் ராயர் வயிறு ஒட்டிப்போய்த் தென்கரைக்கு வந்தார்.

"தின்னலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா தின்னுங்க," என்றாள் வீராத்தாள். "இங்கே யாரும் யாருக்கும் வாசலை அடைக்கலை."

ராயர் ஒரு வாய் கடித்தார். கண்கள் விரிந்தன. அன்று தின்ற வடகரைப் பழத்தை விட இனிப்பு! வாயைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார். "ரொம்ப உசந்த பழமா இருக்கே. இந்தக் கொடியோட தூளை மட்டும் தனியா எடுத்து, ஒரு பூவுக்கு ஒரு சிட்டிகைன்னு..."

"பூவோட வாயில கையை வெச்சுத்தான் பாருங்களேன்!" என்றாள் வீராத்தாள்.

அவள் பின்னால் மகள்கள் எல்லாரும் ஒன்றாக இறக்கையை அடித்தார்கள். கரையெங்கும் அந்தச் சத்தம் கேட்டது. முசுறுகள் கொடியிலிருந்து இறங்கி வந்து நின்றன. ராயர் மூக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பிறகு பேசாமல் பழத்தைத் தின்றார்.

போட்டிக்குப் பயந்து வாசலை அடைப்பவன் கையில் கடைசியில் மிஞ்சுவது பொக்குதான்.